ஆக்ஸியம்-4 பயணமும் விண்வெளி நிலையமும்: கடலூர்க் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கடலூர் வெள்ளிக் கடற்கரையில் தொலைநோக்கியை நிறுத்தி வானம் காட்டுவது எங்கள் வழக்கம். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் ஆசிரியை. 2025 ஜூன் வரை நிலாவையும் சனி வளையத்தையும் பற்றித்தான் கேள்விகள் வரும். சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குச் சென்ற பிறகு நிலைமை மாறிவிட்டது. சுண்டல் விற்கும் அம்மா முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரை அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கும்போது அவசரமாகச் சொல்லிமுடித்த பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

இது என்ன பயணம்? யார் யார் சென்றார்கள்?

பயணத்தின் பெயர் ஆக்ஸியம்-4. அமெரிக்காவின் ஆக்ஸியம் ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்தது. ராக்கெட்டும் விண்கலமும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையவை. நாசா, இஸ்ரோ, ஐரோப்பிய விண்வெளி முகமை ஆகியவை கூட்டாளிகள். தலைவராகச் சென்ற பெக்கி விட்சனுக்கு அப்போது 65 வயது. அது அவருடைய ஐந்தாவது விண்பயணம். இந்திய விமானப்படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா விமானியாக இருந்தார். போலந்தின் ஸ்வாவோஷ் உஸ்னான்ஸ்கி-விஷ்னியெவ்ஸ்கி, ஹங்கேரியின் திபோர் கபு இருவரும் ஆய்வுகளைக் கவனித்துக்கொண்டார்கள்.

2025 ஜூன் 25 அன்று நம் நேரப்படி பகல் 12.01க்கு ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்டார்கள். மறுநாள் மாலை நான்கு மணியளவில் நிலையத்துடன் இணைந்தார்கள். ஜூலை 14 அன்று பிரிந்து, 15ஆம் தேதி மாலை மூன்று மணிக்குக் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் இறங்கினார்கள்.

சுக்லாதான் விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியரா?

இல்லை. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தில் சென்று சல்யூட்-7 நிலையத்தில் ஒரு வாரம் இருந்தார். சுக்லா இரண்டாமவர்; இப்போதைய சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர். கல்பனா சாவ்லாவையும் சுனிதா வில்லியம்ஸையும் சிலர் உடனே நினைவூட்டுவார்கள். அவர்கள் இந்திய வம்சாவளியினர், அமெரிக்கக் குடிமக்களாகச் சென்றவர்கள்.

எனக்குப் பிடித்த ஒரு செய்தி இதில் உண்டு. போலந்து வீரர் ஒருவர் 1978இலும் ஹங்கேரி வீரர் ஒருவர் 1980இலும் ராகேஷ் சர்மாவைப் போலவே சோவியத் கலங்களில்தான் சென்றார்கள். மூன்று நாடுகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, ஒரே கலத்தில் ஒன்றாக ஏறியிருக்கின்றன.

நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். கடலூரிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ அதே தூரம்தான் வரும். அதனால் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: திருநெல்வேலியை எடுத்து நம் தலைக்கு மேல் நிறுத்தினால் எவ்வளவு தொலைவோ, விண்வெளி நிலையம் அவ்வளவு தொலைவு. நிலா இதைப் போல ஆயிரம் மடங்கு தொலைவில் இருக்கிறது.

திருநெல்வேலி தூரம்தானே, போவதற்கு ஏன் இவ்வளவு பாடு?

பாடு உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இங்கிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நிலையம் அதே தூரத்தை மூன்று வினாடிக்குள் தாண்டிவிடும். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முறை சூரியன் உதிப்பதை உள்ளே இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

மேலே போவது மட்டும் போதாது, அந்த வேகத்தையும் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் திரும்பக் கீழே விழ வேண்டியதுதான். ராக்கெட் சுமக்கும் எரிபொருளில் பெரும்பகுதி இந்த வேகத்துக்காகவே எரிகிறது.

சுற்றுப்பாதைக்குச் செல்லப் பத்து நிமிடம் என்றால், நிலையத்தை அடைய ஏன் 28 மணி நேரம்?

பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். உள் பிரகாரம் சுற்றுபவர், வெளிப் பிரகாரம் சுற்றுபவரை விட முன்னதாக ஒரு சுற்றை முடித்துவிடுவார். விண்கலமும் முதலில் தாழ்வான பாதையில் சுற்றுகிறது. அங்கே சுற்றும் தூரமும் குறைவு, வேகமும் சற்று அதிகம். அதனால் பின்தங்கியிருக்கும் கலம் ஒவ்வொரு சுற்றிலும் நிலையத்தை நெருங்கும். பிறகு இன்ஜினைச் சிறிது சிறிதாக இயக்கிப் பாதையை உயர்த்தி, கடைசியில் ஆள் நடக்கும் வேகத்தை விட மெதுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் மணிக்கு 28,000 கிலோமீட்டரில் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று பார்த்தால் அசைவே தெரியாது. அவர்கள் சென்ற டிராகன் கலம் இதைத் தானாகவே செய்யக்கூடியது. விமானியான சுக்லாவின் வேலை ஒவ்வொரு அளவையும் கண் இமைக்காமல் கவனித்துக்கொண்டு, ஏதாவது தவறினால் உடனே கையில் எடுக்கத் தயாராக இருப்பது.

அங்கே ஈர்ப்பு விசை இல்லாததால்தான் மிதக்கிறார்களா?

பாடப்புத்தகம் படித்தவர்களும் தவறும் இடம் இது. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அவர்கள் மிதப்பதற்குக் காரணம் வேறு: நிலையமும் அதில் உள்ளவர்களும் சேர்ந்து இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அவ்வளவு அதிகமாக இருப்பதால், விழ விழப் பூமி வளைந்து விலகிக்கொண்டே போகிறது. தரை வந்து சேர்வதே இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து பிடித்தால் துளையிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்கும். இப்போது மொட்டை மாடியிலிருந்து பாட்டிலை அப்படியே கீழே விடுங்கள்; கீழே ஒருவர் உட்கார்ந்து துளையை மட்டும் பார்க்கட்டும். கை விட்ட கணத்தில் நீர்க் கீற்று நின்றுவிடும். பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால் தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை. என் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பையன் நான்கு முறை மாடி ஏறி இறங்கினான். ஐந்தாம் முறை, "டீச்சர், தண்ணீர் நிற்கிற அந்த ஒரு நொடிதான் அவர்களுக்கு இருபது நாளா?" என்று கேட்டான். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

ஏன் இத்தனை முறை தள்ளிப்போனது? நம்மவரை வைத்துக்கொண்டு இழுத்தடித்தார்களா?

இந்தக் கேள்வியைக் கோபமாகவே பலர் கேட்டார்கள். முதலில் மே 29 என்றார்கள். பிறகு ஜூன் 8, 10, 11, 19, 22 என்று தள்ளிக்கொண்டே போய் 25ஆம் தேதி புறப்பட்டது. நால்வரும் அதற்குள் ஒரு மாதமாக வெளியாட்களைச் சந்திக்காமல் தனிமையில் இருந்தார்கள். மேலே போய் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் நிலையத்தில் உள்ள எல்லோருக்கும் பரவிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

காரணங்களில் காற்று ஒன்று. மற்ற முக்கியமான இரண்டும் கசிவுகள். ஜூன் மாதம் ராக்கெட் இன்ஜின்களை ஏவுதளத்திலேயே சில வினாடிகள் இயக்கிச் சோதித்த பிறகு, திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த திரவம் அது. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அப்போது குழுவுடன் ஃபுளோரிடாவில் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர். இப்படிக் கடுங்குளிரில் வைத்த திரவங்களில் இயங்கும் கிரையோஜெனிக் இன்ஜின்களிலேயே வாழ்நாள் உழைப்பைச் செலவிட்டவர். கசிவை முழுமையாகச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே பறக்க வேண்டும் என்று இஸ்ரோ தரப்பு விடாப்பிடியாக நின்றது. ஆக்சிஜன் செல்லும் குழாயில் விரிசல் இருந்தது என்று அவரே பின்னர் சொன்னார். அது முடிந்த கையோடு, நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் ஏற்கெனவே இருந்த காற்றுக் கசிவைப் பழுதுபார்த்தார்கள். அதன் முடிவு தெரியும்வரை மீண்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த மீனவப் பெரியவர் ஒருவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், படகில் விரல் நுழையாத ஓட்டை இருந்தாலும் கரையில் வைத்தே அடைக்க வேண்டும், கடலுக்குள் போய் அடைக்கலாம் என்று கிளம்புகிறவனோடு எவனும் ஏற மாட்டான் என்றார். அதன் பிறகு அங்கே யாரும் இழுத்தடிப்பைப் பற்றிப் பேசவில்லை. இந்தப் பயணத்தில் இந்தியா செய்த ஆகச்சிறந்த வேலை அந்த "வேண்டாம், இன்னும் காத்திருக்கலாம்" என்ற சொல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பகுதிக்கும் வானத்தைப் பார்ப்பதற்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் காத்திருப்பைப் பற்றியதே. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதை அளக்க, கியோம் லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761 ஜூன் 6 அன்று நடக்கும் நிகழ்வு அது. கப்பல் மலபார்க் கரையை நெருங்கியபோதே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி கிடைத்தது. திரும்பும் வழியில், ஆடும் கப்பலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769இல் என்பதால் ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4, விடியற்காலையில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகே சூரியன் வெளியே வந்தது. எட்டாண்டுக் காத்திருப்பு அப்படி முடிந்தது.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் இருந்த நாள்களில், நம் ஊர்க் கணக்கர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்று எழுதிவைத்தார். அந்த முறை 1825இலும் இங்கே உயிரோடு இருந்தது. ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். அந்தக் கணக்கர் தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். இதைப் படித்த நாளிலிருந்து, பல்லாங்குழி ஆடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அந்தக் கணக்கர் நினைவு வருகிறது.

சுக்லா அங்கே என்ன வேலை செய்தார்?

பயணத்தில் 31 நாடுகளைச் சேர்ந்த சுமார் 60 ஆய்வுகள் இருந்தன. அவற்றில் ஏழு இந்திய ஆய்வகங்களிலிருந்து இஸ்ரோ தேர்ந்தெடுத்தவை. தசைச் செல்கள் எடையற்ற நிலையில் எப்படி வளர்கின்றன, நுண்பாசிகளை உணவாகவும் ஆக்சிஜனுக்காகவும் வளர்க்க முடியுமா, நீர்க்கரடி என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பவை சில. கேரளத்திலிருந்து நெல், காராமணி, எள், கத்தரி, தக்காளி விதைகளும் போய்வந்தன.

எங்கள் கடற்கரையில் எல்லோரையும் ஈர்த்தது தார்வாட் ஆய்வாளர்கள் அனுப்பிய வெந்தயமும் பச்சைப்பயறும்தான். சுக்லா அவற்றுக்கு நீர் விட்டு முளைக்க வைத்து, படமெடுத்து, பிறகு உறைகுளிரில் பாதுகாத்துக் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடி டம்ளரின் உட்சுவரில் ஈரத் துணியைச் சுற்றி, கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே பச்சைப்பயறு நான்கைச் செருகிவையுங்கள். இரண்டு நாளில் வெள்ளை வேர் கீழ்நோக்கி இறங்கும். டம்ளரைப் படுக்க வைத்தால் மறுநாளே வேர் முழங்கை போல மடிந்து மீண்டும் கீழே திரும்பியிருக்கும். வேர் நுனியில் உள்ள மாவுத் துகள்கள் கீழே படிவதை வைத்து அது திசையை அறிகிறது. மேலே அந்தத் துகள் படிவதற்குக் கீழ் என்று ஒரு பக்கமே இல்லை. அப்போது வேர் எதை நம்பி வளரும், முளையின் சத்து மாறுமா, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மாறுமா? நெடுந்தூரப் பயணத்தில் கையளவு முளைப்பயறு வளர்த்துச் சாப்பிட முடியுமா என்பது இந்தப் பதில்களைப் பொறுத்தது.

என்ன சாப்பிட்டார்கள்?

பெரும்பாலும் பதப்படுத்திய, நீர் சேர்த்துச் சூடாக்கும் உணவு. சுக்லா கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டுபோய் மற்றவர்களுக்கும் கொடுத்தார். உதிரும் பண்டம் ஆகாது. முறுக்கைக் கடித்தால் துகள் பறந்து யார் கண்ணிலாவது, எந்தக் கருவியிலாவது புகுந்துவிடும்.

குளியல், கழிவறை?

குளியல் இல்லை, ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான். கழிவறை காற்றால் உறிஞ்சும் முறையில் இயங்குகிறது. அமெரிக்கப் பகுதியில் சிறுநீரும் வியர்வை ஈரமும் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் அளவை 2023இல் எட்டினார்கள். கோடையில் குடத்துடன் லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு இந்த ஒரு தொழில்நுட்பத்தின் அருமை உடனே புரியும்.

ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவாமே. ஒருவர் போய்வர இவ்வளவா?

செய்திகளில் வந்த தொகை அதுவே. தானே புயலையும் பெருவெள்ளங்களையும் பார்த்த மாவட்டத்தில் இந்தக் கேள்வி கேட்கப்படுவது முற்றிலும் நியாயம். என் பதில்: வாங்கியது ஒரு டிக்கெட் மட்டும் அல்ல. சுக்லாவும் அவருக்கு மாற்று வீரராக இருந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும், இந்தியாவே மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் இருவர். பயிற்சி, தனிமைப்படுத்தல், ஏவுதல், இணைப்பு, உடல் மீள்வது வரை எல்லாவற்றையும் உள்ளிருந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் மண்ணிலிருந்து நம் ராக்கெட்டில் மனிதரை அனுப்பும்போது, முதல் தடவையே எல்லாம் சரியாக நடக்க வேண்டும். அதற்கு இந்தப் பாடம் தேவை என்பது என் கருத்து. வேறு கருத்து உள்ளவர்களோடு மணலில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சும் நல்லதே.

திரும்பும்போது ஏன் கடலில் இறங்குகிறார்கள்? ககன்யான் நம் கடலில் இறங்குமா?

அதிவேகத்தில் வரும் கலம் தன் முன்னால் உள்ள காற்றை அழுத்துவதால் அதன் வெளிப்புறம் 1,600 டிகிரிக்கு மேல் சூடேறும். வேகம் தணிந்த பிறகு முதலில் இரண்டு சிறிய பாராசூட்டுகள், பின்னர் நான்கு பெரியவை விரியும். கடைசி மோதலைத் தாங்க நீர் உதவுகிறது. ரஷ்யக் கலங்கள் தரையிலேயே இறங்குகின்றன, ஆகவே கடல்தான் ஒரே வழி என்பதில்லை.

ககன்யானும் கடலில்தான் இறங்கும். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நடந்த அவசரத் தப்பிப்புச் சோதனையில், ஆளில்லாக் கலம் கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் வங்கக் கடலில் விழுந்து கடற்படையால் மீட்கப்பட்டது. அன்றும் ஏவுதலுக்கு ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. குறையைக் கண்டறிந்து பத்து மணிக்கு ஏவினார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஐந்து வினாடியில் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

என் பிள்ளை இந்தத் துறைக்குப் போக என்ன வழி?

ககன்யானுக்குத் தேர்வான நான்கு வீரர்களும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆனால் மேலே போகும் ஒருவருக்குப் பின்னால் தரையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோ முடித்து, அதன் பிறகே பொறியியலுக்குப் போனவர். பாலிடெக்னிக்கில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் குறைபட்டுக்கொள்ளும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது அவர் கதையை. புதுச்சேரி லாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் கோளரங்கம் இருக்கிறது. ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

நிலையத்தோடு பேச முடியுமா?

ஆர்வலர்கள் சொந்தமாக இயக்கும் அமெச்சூர் ரேடியோ வழியாக முடியும். சுக்லா அப்படித்தான் பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் இருந்த மாணவர்களோடு பேசினார். பேசுவதற்கு அரசு உரிமம் வேண்டும், தேர்வு எழுத வேண்டும். நிலையத்திலிருந்து வரும் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்.

கடலூரிலிருந்து நிலையம் கண்ணுக்குத் தெரியுமா?

தொலைநோக்கியே தேவையில்லை. நிலையத்துக்கு மேல் வெயில் பட வேண்டும், நமக்கு இருட்டியிருக்க வேண்டும். அதனால் மாலை இருட்டியதும் ஓரிரு மணி நேரம், விடிவதற்கு முன் ஓரிரு மணி நேரம் மட்டுமே வாய்ப்பு. எல்லா நாளும் வராது. எப்போது, எந்தத் திசையில் என்பதை நாசாவின் இலவசச் செயலி முன்கூட்டியே சொல்லும்.

மாலைக் கடப்பு என்றால், கடலுக்கு முதுகு காட்டி ஊர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள். மேற்கே வீடுகளுக்கு மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று எழும். விமானம் போல மினுக்காது, ஓசை இருக்காது. சிறிது நேரத்தில் விண்மீன்கள் எல்லாவற்றையும் விடப் பிரகாசமாகி உச்சியை நோக்கி வரும். தலை நிமிர்ந்து அப்படியே கடல் பக்கம் திரும்புவீர்கள். அலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, நடுவானில், சிவந்து மங்கி, அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று பொருள். மொத்தமும் ஐந்தாறு நிமிடம்.

ஜூலையில் நால்வரும் மேலே இருந்தபோது ஒரு மாலை இதற்காகக் கூடினோம். முதல் நாள் மேகம் மூடி, ஒன்றும் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் அழுதன. மறுநாளும் வந்தோம். புள்ளி எழுந்ததும் கத்தலும் கையசைப்பும். ஒரு சிறுமி மட்டும் கையசைக்காமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன எண்ணுகிறாய் என்று கேட்டேன். அதற்குள் பதினொரு பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

எப்போது வரலாம், என்ன கொண்டுவர வேண்டும்?

இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வந்தால் கண் இருளுக்குப் பழகும். படுத்துப் பார்க்க ஒரு பாய், குடிக்கத் தண்ணீர், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவையுங்கள். மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் கூடுவதில்லை. தை பிறந்ததும் வானம் தெளியும்.